எரிக்க வேண்டிய கடிதம்

— எரிக்கணும்னு சொன்னேனா இல்லியா, ரைட்டரே?

— சொன்னே, துலுக்கானம். சொல்லலைன்னு நான் சொன்னேனா?

— அப்பால இன்னாத்துக்குத் தபால் பொட்டியில போட்டே?

— கத்தாதே. தபாலாபீசு வாசல் இது. ஸ்டாம்பு வாங்க நிக்கிறவன் எல்லாம் திரும்பிப் பார்க்கறான்.

— பாக்கட்டும்! திங்கக்கெயமை உன்னாண்ட எய்தி வாங்கி, உன் பலகைக்கு அடியிலயே வெச்சுட்டுப் போனேன். நாலு ராத்திரி கழிச்சு வாங்கிக்கிறேன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். இன்னிக்கு வெள்ளிக்கெயமை. நெருப்புப் பொட்டியோட வந்து நிக்கிறேன். நீ இன்னாடான்னா போஸ்ட் ஆயிடுச்சுன்றே.

— கேளு. பத்தொன்பது வருஷமா இந்த வாசல்ல பலகை போட்டு எழுதறேன். கவர் மேல விலாசம் எழுதினா ஸ்டாம்பு ஒட்டணும். ஸ்டாம்பு ஒட்டினா நாலு மணித் தபால் கட்டுக்கு முன்னாடி பெட்டியில போடணும். கை அதுவா செய்யுது. அன்னிக்கு ஒன்பது கடுதாசி, உன்னுதும் அதோட சேர்ந்து போயிடுச்சு. எரிக்கப் போற காகிதத்துக்கு விலாசம் எதுக்குய்யா?

— நானா சொன்னேன்? புஸ்தகம் சொல்லுது! இந்தா, ஒன்பதாம் பாடம். எனக்கு எய்தத்தான் வராது, எய்த்துக் கூட்டிப் படிப்பேன். கேட்டுக்கோ. “உன் நெஞ்சில் முள்ளாய்த் தைத்திருப்பவர் எவரோ, அவருக்கு ஒரு கடிதம் எழுது. ஒன்றையும் மறைக்காதே. உண்மையிலேயே அனுப்பப் போவதுபோல் பெயரும் ஊரும் எழுதி உறையை ஒட்டு. நான்கு இரவுகள் அது உன் கூரையின் கீழ் இருக்கலாகாது. ஐந்தாம் நாள் உன் கையாலேயே எரி. முள் கழன்று விழும்.” இன்னா போட்டுகீது? உன் கையாலேயே எரி.

— எந்தப் புண்ணியவான் எழுதினது இது?

— “மனத்தெளிவுக்கு நாற்பது நாள்.” எங்க மிலிட்டரி டிப்போ ஸ்டோர் கிளார்க்கு கங்காதரன் சார் வி.பி.பி. தபால்ல வரவெச்சாரு. ரெண்டாம் பாடத்தோட தூக்கிப் போட்டுட்டாரு, நான் கேட்டு வாங்கிகினேன்.

— ரெண்டாம் பாடத்துல அப்படி என்ன இருக்கு?

— கண்ணாடி முன்னாடி நின்னுகினு, “நான் திடமானவன், எதற்கும் அஞ்சேன்”னு இருவது தபா சொல்லணும். சார் சொன்னாராம். அவரு சம்சாரம் சிரிச்ச சிரிப்புல அத்தோட விட்டுட்டாரு.

— நீ சொன்னியா?

— சொன்னேன். எங்க ஊட்டுல கண்ணாடி ஏது? தண்ணித் தொட்டியில மூஞ்சியப் பாத்துகினு சொன்னேன். எங்கம்மா வேப்பிலையத் தூக்கிகினு ஓடியாந்துச்சு.

— சரி, சரி, நான் சிரிக்கலை. முதல்ல அந்தக் கல்லு மேல உட்காரு. வந்ததுலேர்ந்து என் பலகையைச் சுத்திச் சுத்தி வர்றே, எனக்குத் தலை கிறுகிறுக்குது.

— ஒக்கார முடியாது. ஒக்காந்தா அடுத்த நிமிசமே எயுந்து நடக்கணும்னு தோணுது. மூணு மாசமா இப்டித்தான். டிப்போவுல கூடாரத் துணிய மடிச்சுட்டு, மடிச்சதையே மறுபடி பிரிக்கிறேன். ராவுல கண்ண மூட முடியல. சைரன் ஊதுனா குண்டு போடப் போறான்னு எல்லாரும் பள்ளத்துல குதிக்கிறான், நான் மட்டும் நட்ட கம்பம் மாதிரி நிக்கிறேன். நீ சிரி, கங்காதரன் சார் சிரிக்கட்டும், எனக்கு ஒண்ணும் இல்ல. திங்கக்கெயமை உன்னாண்ட எல்லாத்தையும் கொட்டுனேன் பாரு, அன்னிக்கு ராத்திரி தூங்கினேன். சங்கு ஊதுறது கூட காதுல விழல. மூணு மாசத்துல அதான் மொத தபா.

— அது எனக்குத் தெரியாதேப்பா.

— இப்போ தெரிஞ்சுது இல்ல? வா, உள்ள வா. போஸ்ட்மாஸ்டராண்ட சொல்லி அந்தக் கவர எடுத்துக் குடு.

— உள்ளே ஒண்ணும் இல்லை. திங்கட்கிழமைக் கட்டு அன்னிக்கே பட்டணம் போயிடுச்சு. அங்கே பிரிச்சு, ஆவடிக்கு வந்து, ஆவடியிலேர்ந்துதான் வெள்ளானூருக்குப் போகும்.

— அப்போ இன்னும் எம் பொண்டாட்டி சொர்ணத்து கையில போய்ச் சேரல?

— சேர்ந்திருக்காது. வெள்ளானூருக்குப் போஸ்ட்மேன் வாரத்துல ஒரே நாள்தான் சைக்கிள் மிதிப்பார். வெள்ளிக்கிழமை.

— வெள்ளிக்கெயமையா? இன்னிக்கா? மணி இன்னா?

— பதினொண்ணு ஆகலை.

— ஆவடி பஸ்ஸு எப்போ?

— யுத்தம் வந்ததுலேர்ந்து பெட்ரோல் இல்லாம கரியில ஓடற பஸ்ஸு அது. எப்போ வரும்னு அதுக்கே தெரியாது.

— ரைட்டரே, உனக்கு வெளயாட்டா கீது. அந்தத் தெருவுல படிக்கத் தெரிஞ்சவன் ஒருத்தன் இல்ல. போஸ்ட்மேன்தான் பிரிச்சுப் படிப்பாரு. நல்ல சேதின்னா ராகம் போட்டுப் படிப்பாரு, கெட்ட சேதின்னா தொண்டையக் கனைச்சுகினு படிப்பாரு. ஊரே சுத்தி நிக்கும். அவ அண்ணன் கோவிந்தன் மொத ஆளா நிப்பான். அந்தக் கடைசி நாலு வரிய அவ கேட்டுட்டா, இந்த ஜென்மத்துல என் ஊட்டு வாசப்படி மிதிக்க மாட்டா.

— மத்த வரியைக் கேட்டா மட்டும் மிதிச்சுடுவாளா? வாய் நீளம், அண்ணன் தண்டச்சோறுன்னு ஒரு பக்கம் சொன்னியே.

— அதெல்லாம் தெனம் மூஞ்சிக்கு நேரா சொன்னதுதான், அவளும் திருப்பிக் குட்த்ததுதான். கடைசி நாலு வரி அப்டி இல்ல. அத்த உன்னத் தவிர யாராண்டயும் சொன்னதில்ல.

— தெரியும். அந்த இடத்துல என் பேனா நின்னுடுச்சு.

— “நெஜமாவா?”ன்னு கேட்டே.

— கேட்டேன். நீ எழுதுன்னே. கேளு, நானும் நாலு நாளா அதையேதான் நினைச்சுக்கிட்டிருக்கேன். அதை நேராப் போய் அவகிட்டச் சொன்னா என்ன?

— சொல்ல முடிஞ்சா ஒன்பதாம் பாடம் எனக்கு ஏன் புடிக்குது? எட்டாம் பாடத்துல இன்னா கீது தெரியுமா? “எவருக்குத் தீங்கு செய்தாயோ அவரிடம் சென்று ஒப்புக்கொள்.” அத்தப் படிச்சேன், பக்கத்த மடிச்சு வெச்சுட்டு அடுத்ததுக்குப் பூட்டேன். ஒன்பதுலதான் எரின்னு போட்டுகீது. அது சுளுவா இருந்துச்சு.

— சொர்ணம் வீட்டை விட்டுப் போனது குழந்தை தவறின பிறகுதானே?

— காரியம் ஆன மறுநாளே பூட்டா. கொயந்தைக்கு ஜன்னி வந்தது மத்தியானம். எனக்கு அன்னிக்கி டிப்போவுல பகலும் ராவும் வேல. வழியில போன எவனோ ஒரு வண்டிக்காரனாண்ட எனக்குச் சேதி சொல்லி அனுப்புனேன்றா அவ. காலையில நான் வந்து பாத்தா கொயந்த இல்ல. எங்கம்மா, எங்கக்கா பூங்காவனம், கரையான்சாவடி தெருவே சேர்ந்துகினு அவளத்தான் புடிச்சுது. புள்ள துடிக்கிறப்போ புருசனுக்குச் சேதி அனுப்பாத பொம்பளையாடி நீன்னு. வண்டிக்காரன் எந்த ஊரு, இன்னா பேருன்னு அவளுக்குத் தெரியாது. பொய் சொல்றாள்ன்னு முடிவு கட்டிட்டாங்க. மூட்டையக் கட்டிகினு பொறந்த ஊட்டுக்கு நடந்தா.

— நீ அப்போ என்ன சொன்னே?

— நானா? தலையத் தொங்கப் போட்டுகினு நின்னேன். உனக்குத்தான் தெரியுமே, ஏன் என்ன நோண்டுறே? அதோ, பஸ்ஸு வருது! பொகையப் பாரு!

— ஆவடியிலேர்ந்து வர்ற வண்டி அது. ஆள் இறங்கினதும் திரும்பிப் போகும். அதுலயே ஏறு. ஏரிக்கரை தாண்டறதுக்குள்ள போஸ்ட்மேனை மடக்கிடலாம். நானும் கூட வர்றேன், நான் சொன்னா குடுப்பார். என்னய்யா, ஏன் நின்னுட்டே? ஓடு!

— ரைட்டரே.

— என்ன?

— பச்சப் பொடவை. கடைசியா எறங்குது பாரு.

— எங்கே? அடக் கடவுளே, சொர்ணமா?

— கையில கவரு.

— ஓடாதே. உன்னைப் பார்த்துட்டா. ஓடினா இன்னும் அசிங்கம்.

— ரைட்டரய்யா, கும்புடறேன். இவரு இன்னா இங்க நிக்கிறாரு? இன்னிக்கு வேல இல்லியா?

— வாம்மா சொர்ணம். வெயில்ல வந்திருக்கே, இப்படி நிழலுக்கு வா. இவன் சும்மாதான், பேசிக்கிட்டிருக்க வந்தான்.

— நான் ஒக்கார வரல. இந்தக் கவரு நேத்து வந்துச்சு. இந்த வாரம் போஸ்ட்மேன் ஒரு நாள் முன்னாடியே வந்துட்டாரு. எனக்குக் கண்ணாலம் ஆனதுலேர்ந்து எங்க ஊட்டுக் கடுதாசி எல்லாம் நீங்கதானே படிச்சது. அதான் எடுத்துகினு வந்தேன்.

— ஒட்டினபடியே இருக்கே!

— கீது. நீங்களே பாருங்க.

— சொர்ணம், அத்த என்னாண்ட குடு. அது உனக்கு வந்ததில்ல. தப்பா வந்துடுச்சு.

— மேல எய்திகீற பேரு என்னுதாமே?

— பேரு உன்னுதுதான். நான் அனுப்பல. இந்தப் புஸ்தகத்துல ஒரு பாடம் கீது. எரிக்கிறதுக்கோசரம் எய்துனது.

— என் பேரு போட்டு எய்தி எரிக்கிறதா? நல்ல புஸ்தகம்யா.

— திட்டாதே. மனசு தெளியறதுக்கு அது. ராவுல தூக்கம் வர்றதுக்கு.

— யாரு மனசு?

— என் மனசுதான்.

— அப்டிச் சொல்லு. ரைட்டரய்யா, நீங்க பிரிச்சுப் படிங்க.

— கேளும்மா, காலையிலேர்ந்து கண்ணுல ஒரே எரிச்சல். எழுத்து எல்லாம் புழு மாதிரி நெளியுது.

— சரி, அப்போ இவரே படிக்கட்டும். ராத்திரி இஸ்கூலுக்கு அரிக்கேன்ல எண்ணெ ஊத்தி அனுப்புனவ நான்தானே? அந்தப் படிப்பு எனக்கு ஒரு நாளாச்சும் ஒதவட்டும். இந்தாய்யா, பிரி.

— இங்கயா? நடு ரோட்டுலயா?

— என்னத் தெருவுல நிக்க வெச்சு உங்கம்மா கேட்டாங்களே, அது மட்டும் இன்னா அரமனையா? படி.

— “சொர்ணத்துக்குத் துலுக்கானம் எழுதிக்கொண்டது. நீ போய் மூன்று மாதம் ஆகிறது. உன் வாய் நீளம். உன் அண்ணன் கோவிந்தன் ஒரு வேலைக்கும் போகாமல் என்னைப் பற்றி ஊரெல்லாம் பேசுகிறான்...” வோணாம் சொர்ணம், வுட்டுடு.

— ஏன்? கோவிந்தனப் பத்திச் சொன்னது நெஜம்தான். மேல படி.

— “நீ வைக்கும் குழம்பில் உப்பு இருக்காது. ஆனாலும் அம்மா வைப்பது தொண்டையில் இறங்கவில்லை. குழந்தையின் கிலுகிலுப்பை கூரையில் செருகியபடியே இருக்கிறது. காற்றடித்தால் சத்தம் வருகிறது. எடுத்துப் போட எனக்கு மனம் வரவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.” அவ்ளோதான்.

— அவ்ளோதானா?

— அவ்ளோதான்.

— எய்துனவரு நீங்க, ரைட்டரய்யா. அவ்ளோதானா?

— என்னைக் கேட்காதேம்மா. எங்க தொழில்ல கைதான் உண்டு, வாய் கிடையாது.

— நல்லது. அப்போ நான் இந்த பஸ்ஸுலயே கெளம்புறேன். உடம்பப் பாத்துக்கறேன்னு நெனச்சுக்கோய்யா.

— இரு. சொர்ணம், இரு. இன்னும் கீது.

— படி.

— படிக்க மாட்டேன். காயிதம் ரைட்டராண்டயே இருக்கட்டும். நான் சொல்றேன். நீ அனுப்புன வண்டிக்காரன் வந்தான். மத்தியானம் மூணு மணிக்கு டிப்போ கேட்டாண்ட வந்தான். வெள்ளக் காளை, ஒரு கொம்பு ஒடஞ்சது. “புள்ளைக்கு ஜன்னி, பொம்பள அயுவுது, ஒடனே போ”ன்னு எனக்கேதான் சொன்னான். நான் மேஸ்திரியாண்ட கேட்டேன். இப்போ வெளிய போனா நாளைக்கு உள்ள வராதேன்னான். கொயந்தைக்கு ஜுரம் வர்றதுதானே, விடிஞ்சு போய்க்கலாம்னு நெனச்சுட்டேன். மறுபடி உள்ள போயி துணி மடிச்சேன், சொர்ணம். காலையில எல்லாரும் உன்னப் புடிச்சுகினு கேட்டப்போ, சேதி வந்துச்சு, நான்தான் வரலன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கணும். வாயத் தொறக்கல. பெத்தவள பொய்க்காரியாக்கி வெளிய அனுப்பிட்டு நான் உள்ள ஒக்காந்துகினேன். அவ்ளோதான். இப்போ நெஜமாவே அவ்ளோதான்.

— தண்ணி குடிக்கறியாம்மா? பானையில இருக்கு.

— வோணாம், ரைட்டரய்யா. யோவ், இத்த உங்கம்மாவாண்ட சொல்லுவியா?

— சொல்றேன்.

— பூங்காவனத்தாண்ட? தெருவாண்ட? என்னக் கேட்ட அத்தினி பேராண்டயும்?

— இன்னிக்கே சொல்றேன். நீ வந்தாலும் சொல்றேன், வராங்காட்டியும் சொல்றேன்.

— அதுக்குப் புஸ்தகத்துல பாடம் கீதா?

— இல்ல. நாப்பதும் பொரட்டிப் பாத்துட்டேன்.

— இவ்வளவுக்கும் நான்தாம்மா காரணம். என் கை சும்மா இருந்திருந்தா இது நெருப்புல போயிருக்கும். இவன் பாட்டுக்குத் தூங்கியிருப்பான், உன்னை நடுரோட்டுல நிக்க வெச்சுக் கேட்க வெச்சிருக்க மாட்டேன்.

— நீங்க போட்டது நல்லதுதான், ரைட்டரய்யா. அந்தக் கவரு ஓரத்தக் கொஞ்சம் தடவிப் பாருங்க, சோத்துப் பருக்க காஞ்சு கீது. போஸ்ட்மேன் நேத்தே எங்க தெருவுல நின்னு அந்தக் கடைசி நாலு வரிய ரெண்டு தபா படிச்சுட்டாரு, இவரு வாயால வருதான்னு பாக்கத்தான் நானே ஒட்டி எடுத்தாந்தேன்.