ஒரே அளவு மூங்கில் தப்பை

கூழைக்கடாவுக்கு மீன் கொடுக்கும்போது தலைப்பக்கத்தை முன்னால் நீட்ட வேண்டும், மேடம். வாலை நீட்டினாலும் வாங்கிக்கொள்ளும். திருப்பிப் போட்டு விழுங்கவும் அதற்குத் தெரியும். ஆனால் நம் கையால் வாங்கிச் சாப்பிடும்போது அந்தச் சிரமத்தை எடுத்துக்கொள்ளாது. மீனை அலகில் வைத்துக்கொண்டு, ஓட்டலில் கேட்டது ஒன்று வந்தது ஒன்று என்றால் சர்வரைப் பார்ப்பார்களே, அப்படி நம்மைப் பார்க்கும். உங்கள் வனத்துறை ஆட்கள் நேற்றிலிருந்து வாலைத்தான் நீட்டுகிறார்கள். முதலில் அதைச் சொல்லிவிடலாம் என்று பார்த்தேன். இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன்.

எதையும் மறைக்கும் எண்ணம் எனக்கில்லை. பறவைக் காப்பு வேலைக்கு வருகிறவர்களிடம் முதலில் இருக்க வேண்டியது நேர்மை என்று எங்கள் மையத்துப் பிரதாப் சார் பயிற்சியில் சொல்லியிருக்கிறார்.

என் படிப்பு பத்தாவதோடு நின்றது. பாடம் வராமல் இல்லை. வகுப்பில் எழுந்து நின்று பதில் சொல்லத்தான் வராது. வீட்டில் அம்மா கருவாட்டுக்கு மீன் காய வைப்பார். காக்கையும் கொக்கும் கொத்தாமல் பக்கத்தில் நான் உட்கார்ந்திருப்பேன். ஆகவே பறவைகளோடு எனக்குச் சின்ன வயதிலிருந்தே தொழில்முறைப் பழக்கம் உண்டு. அவை கேள்வி கேட்பதில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

இந்த வேலை கிடைக்காவிட்டால் இறால் கம்பெனிக்குப் போ என்று என் நைனா தேசப்பன் சொல்லியிருந்தார். அங்கே நாள் முழுக்க ஐஸ் தண்ணீரில் நின்றுகொண்டு இறாலின் தலையைக் கிள்ளிக் கிள்ளிப் போட வேண்டும். எனக்கு இளகிய மனது, மேடம். அது என்னால் ஆகாது.

போன தை மாதம் ஏரியில் பூநாரைகள் இறங்கியிருந்த சமயத்தில் பிரதாப் சார் எங்கள் குப்பத்துக்கு வந்தார். தோணிரேவுப் பக்கம் காயம்பட்ட பறவைகளுக்கு ஒரு மையம் கட்டியிருப்பதாகவும், அதற்குக் களப் பாதுகாவலர் என்று ஒரே ஒரு நிரந்தர வேலை இருப்பதாகவும் சொன்னார். காக்கிச் சட்டை, ஷூ, கழுத்தில் மாட்டும் அடையாள அட்டை. இந்த சீசனில் யார் அதிகமாகப் பறவைகளைக் காப்பாற்றுகிறார்களோ அவர்களுக்குத்தான் வேலை என்றார். அவர் நல்ல மனிதர். எங்கள் ஊரைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது.

போட்டிக்கு வந்தது நானும் பூபதி அண்ணனும். அவர் எங்களுக்குப் பங்காளி முறை. சொந்தமாகப் படகு வைத்திருக்கிறார். தவறி விழுந்த காக்கைக் குஞ்சைப் பார்த்தாலும் கண்ணைத் துடைத்துக்கொள்வார். முதல் வாரத்திலேயே, சேற்றில் மாட்டிய ஒரு கொக்குக்காக அவருக்கும் நைனாவுக்கும் சண்டை வந்தது. அண்ணன் இறக்கையைப் பிடித்திருந்தார், நைனா காலைப் பிடித்திருந்தார். இருவருமே காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள். கொக்குதான் கத்திக்கொண்டிருந்தது.

விஷயம் ஊர்க்கூட்டத்துக்குப் போனது. எங்கள் ஏரியில் யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் வலை கட்ட முடியாது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். இறால் நன்றாக ஓடும் இடங்களுக்கு முறை வைத்திருக்கிறோம். அதற்குப் பாடு என்று பெயர். இன்று உன் பாடு என்றால் இன்று வருவதெல்லாம் உனக்கு. மற்றவன் கரையில் உட்கார்ந்து பார்க்கலாம், கையை நீட்டக் கூடாது. கூட்டத்துக்குத் தலைவர் உலகநாதன் பெரியப்பா.

“எறாலுக்குப் பாடு வெச்சிதானே இத்தினி வருஷமா மண்ட ஒடையாம கீறோம்? கொக்குக்கும் வெச்சிடுவோம். ஒரு நாளு பூபதி, ஒரு நாளு தேசப்பன் பொண்ணு. அமாவாசைக்கு யாருக்கும் இல்ல” என்றார்.

“அமாவாசை அன்னிக்கு அடிபட்டா இன்னா பண்றது?” என்று பூபதி அண்ணன் கேட்டார்.

“அது அந்தக் கொக்கோட தலையெழுத்து. ஒக்காரு.”

பிரதாப் சாருக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடித்துப்போயிற்று. ஊர் மக்களே முன்வந்து பொறுப்பைப் பகிர்ந்துகொள்கிறார்கள் என்று சொல்லி எங்களை வரிசையாக நிற்க வைத்துப் படம் எடுத்துக்கொண்டார்.

நான் விதியை ஒருநாளும் மீறியதில்லை. இதை நீங்கள் யாரிடம் வேண்டுமானாலும் விசாரிக்கலாம். ஒருமுறை அண்ணனுடைய பாடு நாளில், லைட்ஹவுஸ் குப்பம் போகிற வழியில், தூண்டில் நரம்பு கழுத்தில் சுற்றிய ஒரு கொக்கைப் பார்த்தேன். அண்ணன் கடலுக்குப் போயிருந்தார். போன் போகவில்லை. நான் அதைத் தொடவில்லை. என் நிழல் அதன் மேல் விழும்படி நின்றேன். நிழல் கொடுப்பது காப்பாற்றுவதில் சேராது என்று பெரியப்பாவிடம் முன்கூட்டியே கேட்டு வைத்திருந்தேன். அண்ணன் கரையேறுவதற்குள் கொக்கு செத்துவிட்டது. வருத்தம்தான். ஆனால் அது அவருடைய நாளில் செத்தது.

பிறகு பார்த்தால், பறவைகள் எல்லாம் அவர் நாளாகப் பார்த்தே அடிபட்டன. என் நாளில் ஏரி முழுக்க ஆரோக்கியமாகப் பறந்தது. நைனா தினமும் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து இதையே சொல்வார்.

“பறவைங்களுக்கே உன் மேல நம்பிக்க இல்ல பாரு. கம்பெனி வேன் காலைலயே வருதாம். டிபன் பாக்ஸு வாங்கி வெச்சிக்க.”

அதனால் ஒரு மஞ்சள் மூக்கு நாரையை ஒருநாள் தள்ளி வைத்தேன். அண்ணனுடைய நாளில் காலில் நைலான் சுற்றி விழுந்து கிடந்தது. மீன்கூடையைக் கவிழ்த்து, மேலே ஒரு கல்லை வைத்துவிட்டு வந்தேன். நல்ல விலை வரும்வரை நண்டைக் கால் கட்டி உயிரோடு வைத்திருப்பது எங்களுக்குப் புதிதல்ல. மறுநாள் காலை போய்க் கண்டுபிடித்தேன். நாலு பேர் பார்க்கக் கூச்சல் போட வேண்டும். எனக்குக் கூச்சல் போட வராது. அம்மாவை அழைத்துப் போய்க் காட்டினேன். அம்மா உண்மையாகவே பயந்து நன்றாகக் கத்தினார்.

தள்ளி வைப்பதில் ஒரு சங்கடம் இருக்கிறது. முதலில் பறவை விழ வேண்டும். ஆகவே என் நாளில் சேற்றுத் திட்டில் பழைய வலைத் துண்டுகளைப் பரப்பினேன். பொழுது சாய்வதற்குள் எல்லாவற்றையும் சுருட்டி எடுத்து வந்துவிடுவேன். அண்ணனுடைய நாளில் என் வலை கிடப்பது முறையல்ல.

அந்த வலையில்தான் வரதன் மாட்டியது. கூழைக்கடாவுக்கு அந்தப் பெயரை வைத்தது நைனா. அவருடைய மைத்துனர் வரதனுக்கும் கழுத்துக்குக் கீழே அப்படித்தான் தொங்கும். அவிழ்த்துவிட்டு இரண்டு மடவை மீன் கொடுத்தேன். அடுத்த முறை நான் வலையை விரித்துக்கொண்டிருக்கும்போதே அது நடந்து வந்தது. சுற்றும்முற்றும் பார்த்தது. ஒரு காலைத் தூக்கி வலைக்குள் வைத்துக்கொண்டு, மீனுக்காக வாயைத் திறந்தது. இவ்வளவு ஒத்துழைப்பு கொடுக்கும் பறவையை நான் வேறு பார்த்ததில்லை. அதன் பிறகு ஒவ்வொரு பாடு நாளிலும் அதைக் காப்பாற்றினேன்.

பிரதாப் சார் படங்களைப் பார்த்துவிட்டு, “எல்லாம் ஒரே பறவை மாதிரியே இருக்கே ஹேமாவதி?” என்று கேட்டார்.

“ஒரே இனம் சார்” என்றேன்.

அவர் தலையாட்டினார். ஆனால் அன்றைக்கு அவர் சொன்ன இன்னொன்றுதான் இத்தனைக்கும் காரணம். நீங்கள் எழுதிக்கொள்வதானால் இதை எழுதிக்கொள்ளுங்கள். “வலையில இருந்து எடுத்து விடறது யார் வேணா செய்யலாம்மா. பூபதியும் செய்றாரு, நீங்களும் செய்றீங்க. எலும்பு முறிஞ்ச பறவையைக் கட்டு போட்டுத் தேத்துற ஆள்தான் எனக்கு வேணும்” என்றார்.

நான் வீட்டுக்கு வந்து யோசித்தேன். எலும்பு முறிந்த பறவை தானாகக் கிடைக்க எத்தனை சீசன் ஆகும் என்று சொல்ல முடியாது. முறிந்தபின் சரியாகக் கட்டுவதுதான் திறமை. முறிவது வெறும் ஆரம்பம். பயிற்சியில் கொடுத்த படத்தைப் பார்த்து மூங்கில் தப்பை சீவினேன். காடாத் துணியை நாடா நாடாவாகக் கிழித்தேன். மஞ்சள் அரைத்து வைத்தேன். மறுநாள் வரதன் வழக்கம்போல வந்து, என் மடியோரமாக நின்று வாயைத் திறந்தது. இடது கையால் மீன் கொடுத்தேன்.

அது சத்தம் போடவில்லை. வளர்ந்த கூழைக்கடாவுக்கு அவ்வளவாகக் குரல் கிடையாது. மீனைக்கூடக் கீழே போடவில்லை.

கட்டு மிக நன்றாக வந்தது. பிரதாப் சார் பார்த்துவிட்டு, பட்டணத்து டாக்டர் போட்ட கட்டு மாதிரி இருக்கிறது என்றார்.

இதில் நான் செய்த தப்பு ஒன்று உண்டு. அதை ஒப்புக்கொள்கிறேன். நடுவில் வந்த அமாவாசையை என் முறையாக எண்ணிவிட்டேன். அதனால் நாள் ஒன்று தள்ளிப்போயிற்று. இறக்கை ஒடிந்தது பூபதி அண்ணனுடைய பாடு நாளில். எனக்கு அது தெரியாது. தெரிந்திருந்தால் ஒருநாள் பொறுத்திருப்பேன்.

அண்ணன் கூட்டத்தில் எழுந்து நின்றார். “காலைல என் படகாண்ட வந்து மீனு கேட்டுச்சி பெரியப்பா. றெக்கைய விரிச்சிக்கினு சோக்கா நின்னுச்சி. என் பாடு அன்னிக்கு ஒடிஞ்சது. அப்ப அது யாருது?”

கூட்டம் இரண்டாகப் பிரிந்து வெகுநேரம் வாதாடியது. மீன் வலையில் விழுந்த நேரம் கணக்கா, கரைக்கு வந்த நேரம் கணக்கா என்று பழைய வழக்குகளை எல்லாம் எடுத்தார்கள். எப்படி ஒடிந்தது என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. கடைசியில் பெரியப்பா தீர்ப்புச் சொன்னார். “கட்டு போட்டவ இவ. அதனால இந்தப் பறவ இவளுக்கு. அடுத்து எது ஒடிஞ்சாலும், எவன் பாடா இருந்தாலும், அது பூபதிக்கு. போங்க, போய் வேலையப் பாருங்க.”

நியாயமான தீர்ப்பு. கடன்பட்டு நிற்பது எனக்கும் பிடிக்காது. அடுத்தது மறுநாளே ஒடிந்தது.

அது ஒரு நாரை. கூடையில் வைத்து அண்ணன் வீட்டு வாசலுக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவருக்குக் கட்டுப் போட வராது என்பதால் தப்பையும் துணியும்கூட வைத்திருந்தேன். அவர் நாரையைப் பார்த்தார். தப்பையை எடுத்து இறக்கையின் மேல் வைத்தார். அளவு சரியாக இருந்தது.

“இன்னா ஹேமா, பறவ விழறதுக்கு முன்னாடியே தப்ப வெட்டி வெச்சிக்கீற?”

“முன்னேற்பாடுண்ணே” என்றேன்.

அவர் தப்பையைக் கூடையில் திரும்ப வைத்தார். “நீ ஒன்னியும் பண்ணலியே தங்கச்சி?” என்றார். எனக்குத்தான் எதிரில் நின்று பதில் சொல்ல வராதே. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நாரையை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போனார். அதற்குப் பிறகு அவர் பாடு நாளில் ஏரிப் பக்கம் வரவே இல்லை. அப்படித்தான் வேலை எனக்குக் கிடைத்தது. உங்களுக்குப் போன் செய்தவர் அவர்தான் என்று தெரியும். எனக்குக் கோபமில்லை. தோற்றவர்களுக்கு மனசு ஆறக் கொஞ்சம் நாளாகும்.

வேலைக்கு வந்த பிறகு ஏன் நிறுத்தவில்லை என்கிறீர்கள். அதற்கும் காரணம் இருக்கிறது. நான் சேர்ந்த மாதம் கூண்டுகளில் வரதனும் அந்த நாரையும் மட்டும்தான். மற்றதெல்லாம் காலி. “இப்படியே காலியா கெடந்தா மையத்த இழுத்து மூடிடுவாங்கம்மா” என்றார் பிரதாப் சார். மையத்தை மூடிவிட்டால் அடிபடும் பறவைகள் எங்கே போகும்? அவற்றை நினைத்துத்தான் செய்தேன். இப்போது ஒரு கூண்டும் காலியாக இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளை வேனில் அழைத்து வந்து காட்டுகிறார்கள்.

உங்கள் டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, எல்லாப் பறவைக்கும் இடது இறக்கையில் அதே இடத்தில் ஒடிந்திருக்கிறதே, இது எப்படி என்று கேட்டார். படித்தவர் கேட்கிறாரே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஒரே இடத்தில் ஒடித்தால்தான் ஒரே அளவுத் தப்பை எல்லாவற்றுக்கும் போதும். ஒவ்வொன்றுக்கும் தனியாகச் சீவிக்கொண்டிருந்தால் மூங்கிலும் வீண், அதுவரைக்கும் பறவைக்கும் வலி.

வரதன் இனிமேல் பறக்காது என்றும் சொன்னார். இருக்கட்டும். பறக்கிறவைதான் மின்கம்பியில் அடிபடுகின்றன, வலையில் சிக்குகின்றன. வரதனுக்கு இனி ஓர் ஆபத்தும் இல்லை.

நான் கேட்பது ஒன்றுதான், மேடம். அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லாதீர்கள். பிரதாப் சார் நேற்று என் முகத்தைப் பார்க்காமலே அதற்குக் கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. அனுபவம் உள்ள ஆளை வெளியே அனுப்பிவிட்டால் இந்தப் பறவைகளை யாரை நம்பி விடுவீர்கள்? வேண்டுமானால் நீங்களே கூண்டு கூண்டாகப் போய்ப் பாருங்கள். இங்கே இருக்கிற ஒவ்வொன்றையும் நான்தான் காப்பாற்றினேன். என்னைத் தவிர வேறு யாருடைய கையும் அவற்றின் மேல் பட்டதே இல்லை.