மதில் வளைத்துக் கொடுத்த அரசமரம்

நேரத்தோடு முடிக்கச் சொல்லிக் கடிகாரத்தைக் காட்டிக்கொண்டிருக்கும் அவைத் தலைவர், தலைமையாசிரியர் திருஞானசம்பந்தம் அவர்களே! முன்வரிசையில் வீற்றிருக்கும் முதியோர்களே! தறியை நிறுத்திவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே! கூரத்திலிருந்தும் ஏனாத்தூரிலிருந்தும் சைக்கிள் மிதித்து வந்திருக்கும் இளைஞர்களே! எல்லோருக்கும் என் வணக்கம்.

வாசகர் வட்டம் நடத்தும் இந்தச் சிறுமரக் கண்காட்சியில் பேச வந்திருக்கிறேன். எனக்கு மரம் வளர்க்கத் தெரியாது. நான் செய்தியாளன். விசாரித்ததைச் சொல்வேன், விசாரிக்காததை விட்டுவிடுவேன்.

விசாரித்தது ஒரு குடும்பத்தை. நெல் வியாபாரி ஜினேந்திரன், அவர் மனைவி மனோன்மணி. "எதிர்லயே குந்திக்கினு இருக்காங்கபா!" என்கிறார் ஒருவர். தெரியும் ஐயா, அனுமதி வாங்கிவிட்டுத்தான் பேசுகிறேன்.

மகன்கள் இருவரும் பம்பாய்க்குப் போய்விட்டார்கள். வீட்டில் மிச்சம் மகள் ரத்னமாலா. "ரத்னா, உங்கம்மாவ மோர் எடுத்தாரச் சொல்லும்மா" என்பார் அப்பா. அம்மா அவருக்கு எதிரேதான் நிற்பார். "மோர் புளிச்சிப் போச்சுன்னு உங்கப்பாகிட்ட சொல்லு ரத்னா" என்பார். சிரிக்கிறீர்கள். எத்தனை வீட்டில் இது நடக்கவில்லை? எத்தனை பிள்ளைகள் இப்படித் தூது போகவில்லை?

போன ஆண்டு ரத்னமாலாவுக்குத் தருமபுரியில் ஆசிரியை வேலை கிடைத்தது; அடுத்த கல்வியாண்டில் சேரவேண்டும். அந்தப் பெண் சொன்னது: "நான் போவல. நான் போயிட்டா இந்த வூட்ல யாரு யாரோட பேசறது?"

பெற்றவர்கள் இருவரும் அதிர்ந்தார்கள். இருவரும் தனித்தனியே ஒரே முடிவுக்கு வந்தார்கள்: மகள் போகவேண்டும். அவள் போகவேண்டுமானால், நாம் பேசவேண்டும்!

கேரம் போர்டு வாங்கினார்கள். ஆட்டத்துக்குப் பேச்சே தேவைப்படவில்லை. ஆர்மோனியம் வாங்கினார்கள். அம்மா வாசிக்க, ஐயா பாட, பக்கத்து வீட்டு நெசவாளர் முனிசாமி வந்து கும்பிட்டார்: "அண்ணே, நீங்க பாட ஆரம்பிச்சா என் தறில இழை அறுந்துக்கினே இருக்குது."

பிறகு சென்னையில் ஒரு மலர்க் கண்காட்சிக்குப் போனார்கள். அங்கேதான் கண்டார்கள், தாம்பாளம் போன்ற தொட்டியில் முழு ஆலமரம்! ஜப்பான்காரர்கள் போன்சாய் என்கிறார்கள். ஐயாவுக்கு ஆசை வந்தது. வேரை வெட்டவேண்டும், கிளையைக் கம்பி சுற்றி வளைக்கவேண்டும் என்று அங்கிருந்தவர் சொன்னதும் அம்மா திரும்பி நடந்தார்.

"மண்ணத் தோண்டி ஒரு கெழங்கு திங்காத சமணக் குடும்பம் நம்ப குடும்பம். வேர அறுக்கறதா? வாங்க வூட்டுக்கு!"

பார்த்தீர்களா? மறுப்புத்தான், ஆனால் நேராக அவரிடமே சொன்ன மறுப்பு!

வழியைக் கண்டதும் அம்மாதான். உழவாரப் பணி நமக்குத் தெரியும். கோயில் மதிலில் முளைத்த செடிகளை அடியார்கள் பிடுங்கிப் போடுவார்கள். அந்தக் குப்பையில் ஓர் அரசங்கன்று. பல வருடம் கல்லிடுக்கில் கிடந்து குறுகி, முறுகி, கிழமரம்போல் வளைந்திருந்தது.

"அவுங்க புடுங்கிப் போட்டாங்க, நாம எடுத்து வெச்சிக் காப்பாத்தறோம். வளைக்கவும் வேணாம், மதிலே வளைச்சிக் குடுத்துருக்குது" என்றார் அம்மா.

கன்று பிழைத்தது. தழைத்தது. கம்பளிப்பூச்சி வந்தது! "மருந்து தூவுங்கண்ணே" என்று பொட்டலத்தோடு நின்றார் முனிசாமி. இருவரும் ஒரே குரலில் "வேணாம்!" என்றார்கள். ஒவ்வொரு பூச்சியையும் இலையோடு ஏந்தித் தெருக்கோடி அரசமரத்தில் விட்டார்கள். விட விட வந்தன. கடைசியில் ஓர் இலை மிச்சமில்லை.

உறவுக்காரி தயாவதி வந்து பார்த்தார். "மொட்டக் குச்சிக்கு ரெண்டு பேரு காவலா?"

"ஆமா, காவல்தான். உனக்கு இன்னா போச்சு?" என்றார் மனோன்மணி. குச்சிக்கு நீர் ஊற்றினார்கள். வெயிலுக்கு நகர்த்தினார்கள், நிழலுக்கு நகர்த்தினார்கள். விடவில்லை தோழர்களே, விடவில்லை!

இலை துளிர்த்தது. முன்னைவிடச் சின்னதாய், அந்தச் சின்ன மரத்துக்கு அளவெடுத்ததுபோல் துளிர்த்தது. தோட்டக்கலை அறிந்தவரிடம் விசாரித்தேன். இலையைச் சிறிதாக்க ஜப்பான்காரர்கள் தாமே தழையைக் களைவதுண்டாம். இவர்களுக்கு அந்த வேலையைப் பூச்சி செய்து கொடுத்துவிட்டது!

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த ரத்னமாலா பெட்டியைக் கட்டினாள். பேருந்து நிலையத்தில் நானும் நின்றேன். அப்பாவும் அம்மாவும் அழுவார்கள் என்று நினைத்தேன். நடந்தது வேறு.

"தொட்டி மரத்துக்கு மொகப்பு, பாக்கறவங்க பக்கமா திருப்பி வெக்கறது, கெளை சாஞ்ச பக்கந்தான்" என்றார் அப்பா.

"கண்ணு தெரியுதா உங்களுக்கு? வேர் தெரியற பக்கந்தான் மொகப்பு!"

"அப்பா! அம்மா! பஸ் பூடுது!" என்று ஜன்னலில் கத்தினாள் மகள். இருவரும் கையசைத்தார்கள். பேருந்து திரும்பியது. வழக்கு தொடர்ந்தது. ஜன்னலில் அந்தப் பெண் சிரித்துக்கொண்டே போனதை நான் கண்ணால் பார்த்தேன்.

பெற்றோர்களே! பிள்ளைகள் போவார்கள், போகத்தான் வேண்டும். நம்மைக் காவல் காக்க அவர்களை நிறுத்தலாமா? நமக்குள் பேச அவர்களைத் தூது வைக்கலாமா? வீட்டில் இருவர் மிஞ்சினால், அந்த இருவர் போதும் என்று உறுதி கொள்வோம்! மரம் வையுங்கள், மத்தளம் அடியுங்கள், எதையாவது சேர்ந்து செய்யுங்கள். சண்டையானாலும் நேருக்கு நேர் போடுங்கள்!

முகப்பு வழக்கில் இன்னும் தீர்ப்பில்லை. அதோ, ஜினேந்திரன் எழுந்துவிட்டார்: "கெளை சாஞ்ச பக்கந்தான் சார், எழுதிக்கோங்க!" பக்கத்தில் அம்மா: "சபைல கத்தாதீங்க, குந்துங்க!"

தலைவர் கடிகாரத்தைத் தட்டுகிறார். பொறுத்துக் கேட்ட உங்களுக்கு நன்றி. எல்லோரும் எழுந்து போய் அந்த மரத்தைச் சுற்றிப் பாருங்கள். வீட்டுக்காரரோடு, வீட்டுக்காரியோடு சேர்ந்து பாருங்கள். வணக்கம்.