தட்டில் விழுந்த வட்டம்

— அசையாதம்மா. ஊசி உனக்குக் குத்தினாப் பரவாயில்லை, பேட்ஜ் கோணிடும். ம், இப்ப சரி. பல்கலைக்கழகத்துக்காரி மாதிரியே இருக்கே.

— சமுதாயக் கல்லூரின்னு பேட்ஜ்லயே போட்டிருக்கேண்ணா.

— அதைப் போட்டாத்தான் கை தட்டுவாங்க. பெரிய காலேஜ் பையன் கண்டுபிடிச்சா யாருக்கு ஆச்சரியம்? சரி, மறுபடி ஒரு தடவை. மைக் முன்னாடி போய் நிக்கறே. அப்புறம்?

— வணக்கம் சொல்றேன். உயிரியல் முகாமுக்கு வந்த எல்லாரையும் அவங்கவங்க வீட்டு மண்ணு ஒரு பிடி கொண்டு வரச் சொன்னாங்க. அதைக் கரைச்சு, கிருமி வளர்ற தட்டுல ஒரு சொட்டு விட்டோம். மத்தவங்க தட்டு முழுக்கக் கிருமி மூடிடுச்சு. என் தட்டுல மட்டும் அந்தச் சொட்டைச் சுத்தி ஒரு வட்டம். வட்டத்துக்குள்ள ஒரு கிருமி கூட இல்லை.

— ஏன் இல்லை?

— என் மண்ணுல இருந்த ஏதோ ஒண்ணு அதுங்களைக் கிட்ட வரவிடலை.

— அங்க நிறுத்து. பின்னாடி திரையில உன் தட்டு பெரிசா வரும். கைதட்டல் அடங்கினதும், எங்க வீட்டு மண்ணுலயே மருந்து இருக்குன்னு சொல்லு. மேடம் எழுதின வரி. அதை மட்டும் மாத்திடாதே, நான் தொலைஞ்சேன்.

— மாத்தமாட்டேன்ணா. வீட்டுல அப்பாவும் அதைத்தான் போறவங்க வர்றவங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டிருக்கார்.

— ஆமா, அப்பா எங்க? முன்வரிசையில நாற்காலி போட்டு வச்சிருக்கோமே.

— வர முடியாதுண்ணா. கால்ல புண்ணு.

— எந்தக் கால்ல?

— வலது. உதைக்கிற கால்.

— அட, ஃபுட்பால் ஆடுவாரா?

— இல்லண்ணா. ஆடமாட்டார்.

— சரி சரி, சும்மா கேட்டேன். உன்னை முகாமுக்கே விடமாட்டேன்னு நின்னவர்தானே? மேடம் ஃபோன் பண்ணினப்ப என்ன கிழி கிழிச்சார்.

— இந்த செமஸ்டரோட காலேஜை விட்டுட்டு வீட்டுல கிடன்னார். தன் காலைப் பார்த்துக்க ஆள் வேணுமாம். போஸ்டர்ல என் படம் வந்ததும் ஆளே மாறிட்டார். ஒண்ணு வாங்கிட்டு வரச் சொல்லி, கட்டிலுக்கு எதிர்ல ஒட்டவச்சார். பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, மூளை எங்கிருந்து வந்துச்சுன்னு நினைக்கறே, எல்லாம் என் ரத்தம்னு பெருமை. அப்புறம் அவரே காலை நீட்டிட்டார்.

— எதுக்கு?

— மண்ணு வைக்கத்தான்.

— எந்த மண்ணு?

— எங்க வீட்டு மண்ணுண்ணா. மருந்து இருக்குன்னு சொன்னீங்களே. தண்ணி விட்டுக் குழைச்சு, புண்ணு மேல கனமா அப்பி, துணியால இறுக்கிக் கட்டிடறேன். காலையில ஒருவாட்டி, ராத்திரி ஒருவாட்டி.

— விளையாடறியா?

— உங்ககிட்டயா?

— ஆஸ்பத்திரியில கொடுத்த மருந்து?

— அவர்தான் தூக்கிப் போடச் சொன்னார். பொண்ணு வீட்டுலயே மருந்து வச்சிருக்கா, டாக்டர் மூஞ்சியை எதுக்குப் பார்க்கணும்னுட்டார்.

— எப்பலேர்ந்து இது?

— போஸ்டர் ஒட்டினதுலேர்ந்து.

— ஐயோ, அது போன மாசம். வலிக்குதுன்னு கத்தலையா மனுஷன்?

— சர்க்கரை இருக்கில்ல. பாதத்துல உணர்ச்சியே கிடையாது. ஆணி ஏறினாக்கூடத் தெரியாது. வாடைதான் தாங்கலைன்னார். கிருமி சாகும்போது அப்படித்தான்ப்பா அடிக்கும்னேன். அதுக்கப்புறம் கேக்கறதில்லை.

— விரல் எல்லாம் என்ன நிறத்துல இருக்கு?

— மண்ணு நிறம்தான். கழுவினாலும் போகலை.

— என்ன இன்னும் இங்கயே நின்னு கதை பேசிட்டிருக்கீங்க? அடுத்தது உன் பேச்சுதான் கண்ணு. முகத்தைப் பாரு, எண்ணெய் வழியுது. கழுவிட்டு ஓடி வா.

— சரிங்க மேடம்.

— மேடம், அந்தக் கதவைச் சாத்துங்க. இந்தப் பொண்ணு அவ அப்பா கால் புண்ணுல மண்ணைக் குழைச்சுக் கட்டிட்டிருக்கா. ஒரு மாசமா. மருந்தை நிறுத்திட்டாங்க. அழுகிடுச்சு போல.

— உளறாதே. புண்ணுல மண்ணு வையுங்கன்னு முகாம்ல யார் சொன்னது?

— மருந்து இருக்குன்னு சொன்னோம். மேடையில சொல்லவும் நீங்கதான் எழுதிக் கொடுத்திருக்கீங்க.

— அது பேச்சுக்கு அழகா இருக்கும்னு எழுதினது. படிச்ச பொண்ணு, அது புரியாதா?

— அவ தட்டுல வட்டமே விழலை மேடம். உங்களுக்குத் தெரியாததா? நான் லேப்ல சேர்ந்ததுலேர்ந்து ஒரு வருஷம் கூட எந்தப் பிள்ளை தட்டுலயும் விழலை. அதுக்காகத்தான் லேப்ல நாமளே ஒண்ணு வளர்த்து வச்சு, யாராவது ஒரு பிள்ளையோட தட்டை எடுத்துட்டு அந்த இடத்துல வைக்கிறோம். இந்த வருஷம் இவளைக் கை காட்டினது நீங்க.

— படத்துக்கு நல்ல முகம், அதான். அதுல என்ன பாவம்? ஒரு வட்டத்தைப் பார்த்துட்டுத்தான் பாதிப் பிள்ளைங்க உயிரியல் பக்கமே வருதுங்க. நீ வரலையா?

— என்னோடது நிஜமா விழுந்தது மேடம். இப்பவும் அந்தப் படம் என் மேஜை மேல இருக்கு.

— இருக்கட்டும். நல்ல படம். அந்த வட்டத்துக்கு நான் ரெண்டு நாள் பாடுபட்டேன்.

— என்ன சொல்றீங்க?

— மூஞ்சியை இப்படி வச்சுக்காதே, கல்லு விழுந்த மாதிரி. இன்னைக்கு உனக்கு ஆராய்ச்சிப் பட்டம் கிடைக்கப் போகுதுன்னா அதனாலதான். பாரு, பணம் கொடுக்கிறவங்க முன்வரிசையில உட்கார்ந்திருக்காங்க. அந்தப் பொண்ணு பேசட்டும், படம் எடுக்கட்டும். அப்புறம் ஆஸ்பத்திரிக்கு ஃபோன் பண்ணிக்கோ. அந்தக் கால் எங்கயும் ஓடிடாது.

— மேடம், நில்லுங்க. மேடம்.

— அண்ணா, வந்துட்டேன். என்ன, மேடம் கோவமாப் போறாங்க?

— போகட்டும். இங்க வா. நான் சொல்றதைக் கேட்டு நீ அழக்கூடாது. அந்தத் தட்டு உன்னோடது இல்லைம்மா. உன்னோடதுல வெறும் பூஞ்சைதான் படர்ந்திருந்தது. அதை எடுத்துட்டு வேற ஒண்ணை நான்தான் வச்சேன்.

— அப்ப அந்த வட்டம்?

— லேப்ல வளர்த்தது. என் கைவேலை.

— மேடத்துக்குத் தெரியுமா?

— தெரியும்.

— உங்க வீட்டு மண்ணுல மருந்து இருக்குன்னு என்கிட்ட சொன்னது?

— பொய்.

— ம். நாளைக்கு யாராவது வந்து, ஏண்டி அப்பன் கால்ல மண்ணை வச்சேன்னு என்னைக் கேட்டா?

— எங்களை நம்பித்தான் வச்சேன்னு சொல்லு. நானே வந்து சொல்றேன். தப்பு எங்களோடது. உன் மேல ஒரு பழியும் விழ விடமாட்டேன்.

— போலீஸ் கேட்டாலும் சொல்வீங்களா?

— யார் கேட்டாலும்.

— மேடம் சொல்லாதேன்னு சொன்னாலும்?

— அவங்க சொன்னதெல்லாம் போதும். சத்தியமாச் சொல்றேன். இப்ப நீ மேடைக்குப் போகவேண்டாம். விலாசம் சொல்லு, ஆம்புலன்ஸைக் கூப்பிடறேன்.

— கூப்பிடறாங்கண்ணா, மைக்ல கேக்குதா? பேசிட்டு வந்து சொல்றேன்.

— புரியாமப் பேசறியே. காலை எடுக்க வேண்டியிருக்கும். இன்னும் விட்டா ஆளே போயிடுவார்.

— ம்.

— ம்னா என்ன? சரி, இதையாவது சொல்லு, டாக்டர் கேப்பாங்க. கால்ல வைக்கிறது எந்த இடத்து மண்ணு? முகாமுக்குக் கொண்டு வந்தியே, அதே இடத்துல எடுத்ததுதானே?

— இல்லண்ணா. நீங்க கொடுத்த பையில வீட்டு மண்ணை அள்ளி வாசல்ல வச்சிருந்தேன், அப்பா அதை உதைச்சுச் சாக்கடையில தள்ளிட்டார். முகாமுக்கு நான் கொண்டு வந்தது உங்க லேப் கேட் பக்கத்துல இருக்கிற பூந்தொட்டி மண்ணு. அவர் கால்ல வைக்கிறது அந்தச் சாக்கடை ஓரத்துல அள்ளினது.