சுருக்கமாகச் சொன்னவை

அன்று பதுளையில் மழை பெய்ததா, இல்லை பிற்பாடு வந்த மழையை என் நினைவு அந்த நாளோடு சேர்த்துக்கொண்டதா என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. மற்றவை நன்றாக நினைவிருக்கின்றன.

மண்சரிவைக் கவனிக்கும் எங்கள் அரசுத் திணைக்களத்துக்குப் பயிலுநர்களை எடுக்கும் நேர்முகப் பரீட்சை அது. எடுபடுகிறவர்கள் மலைச்சரிவுகளில் உள்ள மழைமானிகளைப் பார்க்கவும், மண் அசையும் அடையாளம் கண்டால் கீழே தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்குச் சொல்லவும் பழக வேண்டும். கேள்வி கேட்ட மூவருக்கும் தமிழ் தெரியாது. தோட்டத்துப் பிள்ளைகள் தமிழில் பதில் சொல்வார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து சிங்களத்தில் சொல்வேன். அந்தக் காரியாலயத்தில் தமிழ் பேசுகிற ஒரே ஆள் நான்தான். நானும் லயத்தில் பிறந்தவன்.

சிவசக்தி அப்புத்தளைக்குக் கீழே உள்ள ஒரு தோட்டத்திலிருந்து அம்மாவோடு வந்திருந்தாள். அம்மா விஜயலெட்சுமி என்னைக் கண்டதும் எழுந்து நின்றார்.

“சேர், நம்ம புள்ளைய கொஞ்சம் பாத்துக்கங்க. வாயத் தொறந்தா மூட மாட்டா.”

“நான் பாத்துக்கிறேம்மா” என்றேன்.

இந்த வேலை எதற்கு வேண்டும் என்று மூவரில் தலைவராக இருந்தவர் கேட்டார். அவள் என்னைப் பார்க்காமல் அவரையே பார்த்துப் பேசினாள். அது எனக்குப் பிடிக்கவில்லை.

“எங்க லயத்துக்கு மேல மண்ணு வெடிச்சிருக்கு சேர். ஆளுங்க வந்து பாத்தாங்க, சிங்களத்துல என்னமோ பேசிட்டுப் போயிட்டாங்க. எங்க சனத்துக்கு ஒண்ணும் வெளங்கல. நான் படிச்சுக்கிட்டா நானே அவங்களுக்குச் சொல்லுவேன். மழையில மலை ஏற எனக்குப் பயமில்ல.”

வீட்டுக்குப் பக்கத்தில் வேலை தந்தால்தான் வருவாளாம், மழையில் மலை ஏற முடியாதாம் என்று நான் சிங்களத்தில் சொன்னேன். தலைவர் தலையாட்டினார்.

வெளியே வந்ததும் அவள் என்னை நிறுத்தினாள்.

“நான் அவ்வளவு பேசினேன் சேர். நீங்க ரெண்டே பேச்சுல முடிச்சிட்டீங்களே?”

“சிங்களத்துல சுருக்கமாத்தான் வரும் தங்கச்சி.”

“ஆமாங்க” என்றாள். சிரிக்கவில்லை. அவளுக்குச் சிங்களம் விளங்கியிருக்குமோ என்ற சந்தேகம் அப்போதே எனக்கு வந்துவிட்டது. யாராவது வந்து விசாரிப்பார்கள் என்று காத்திருந்தேன். அப்போது யாரும் வரவில்லை.

ஏன் மாற்றிச் சொன்னேன் என்று இப்போது விசாரிக்க வந்திருக்கும் நீங்கள் கேட்கிறீர்கள். வழுக்குகிற சரிவில் ஒரு பெண்பிள்ளை ஏற வேண்டாம் என்று நினைத்தேன். ஆனால் அதே சரிவின் அடியில்தான் அவள் குடியிருந்தாள். தோட்டத்துச் சனம் காரியாலயத்துக்கு வந்தால் என்னைத்தான் தேடும். இன்னொரு நாற்காலி போட்டால் அவர்கள் எந்தப் பக்கம் போவார்கள்? அவளுக்கு முன்னும் சிலரை இப்படித்தான் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

எடுபட்டவன் ஒரு சிங்கள இளைஞன், கவனமானவன். ஐப்பசியில் மழைமானியைப் பார்த்துவிட்டு, இருட்டுவதற்குள் சிவசக்தியின் லயத்தைக் காலி செய்யச் சொல்லி எனக்குப் போன் செய்தான். போன மழைக்கும் இப்படி அந்தச் சனத்தைக் கிளப்பியிருந்தேன்; ஒன்றும் நடக்கவில்லை. “சேர் சொன்ன மலை இன்னும் அங்கேயேதான் நிக்குது” என்று என்னைக் கேலி செய்திருந்தார்கள். நான் அந்த லயத்திலேயே இருக்கும் தோட்டத் தலைவர் அழகையாவைப் போனில் அழைத்தேன்.

“மழை கூடுதலா இருக்காம். கவனமா இருந்துக்கங்க.”

“லயத்த விட்டுப் போகணுமாங்க?”

“கவனமா இருந்தாப் போதும்.”

இதுதான் நான் செய்தது. விளங்காமல் செய்ததில்லை.

மலை அன்றே சரிந்து லயத்தை மூடியது. அழகையாவைப் பிணமாகத் தோண்டி எடுத்தார்கள். விஜயலெட்சுமி கிடைக்கவில்லை. சிவசக்தி அன்று பண்டாரவளையில் றிஸ்னி நானாவின் புடவைக் கடையில் வேலைக்கு நின்றதால் தப்பினாள். இன்னும் அங்கேதான் நிற்கிறாள், சிங்களத்தில் நன்றாகவே பேசுகிறாளாம். அந்த இளைஞனின் வேலை நிரந்தரமாகிவிட்டது. மிஞ்சியவர்கள் பாடசாலை மண்டபத்தில் இருக்கிறார்கள். வீடு கேட்டு என்னிடம்தான் வருகிறார்கள். அவர்கள் அழுது சொல்வதையெல்லாம் பொறுமையாகக் கேட்டு, மேலே உள்ளவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். நீங்கள் என்னை வேலையை விட்டு அனுப்பிவிட்டால் அந்தச் சனத்துக்காகப் பேச அங்கே யார் இருப்பார்கள் என்பதுதான் என் கவலை.