அய்யனாருக்கு வந்த கப்பல்

இரவு பதினொன்றே கால். வெள்ளிமலையிலிருந்து கச்சிராயபாளையம் இறங்குகிற ரோடு. மேலேயும் கீழேயும் ஒரு வண்டி இல்லை. வளைவில் இருக்கிற தடுப்புச் சுவர்மேல் ஒருத்தன் தனியாக உட்கார்ந்திருக்கிறான். கையில் செல்போன். அந்த வெளிச்சத்தில் தாடை மட்டும் தெரிகிறது...

பயப்படாதீர்கள். அவன் பேய் இல்லை. அப்போது உயிரோடுதான் இருந்தான். இன்னும் பத்து நிமிஷம் இருப்பான்.

தார்ப்பாயை இழுத்துப் போர்த்திக்கொண்டு கிட்டே வாருங்கள். நாளைக் காலையில்தான் கொள்முதல் நிலையத்தில் நம் நெல்லுக்கு எடை. அதுவரைக்கும் இந்தக் களத்தை விட்டு நாம் யாரும் நகர முடியாது, இந்தக் கொசுவில் தூங்கவும் முடியாது. இது என் சிநேகிதி மணிமொழியின் தம்பிக்கு நடந்தது. "யாராண்டயும் சொல்லிடாத செவ்வந்தி" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். அதனால் உங்கள் நாலு பேரோடு நிறுத்திக்கொள்கிறேன்.

"பேய்க்கதைன்னா நான் எழுந்து அந்தாண்ட போய்டுவேன்" என்றார் தனசேகரன் அண்ணன். பக்கத்துக் குவியல் அவருடையது. சொன்னாரே தவிர, நகரவில்லை. இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளித்தான் உட்கார்ந்தார்.

சுவர்மேல் உட்கார்ந்திருந்தவன் பேர் அய்யனார். மலைக்காரன். மணிமொழியின் தம்பி இளவரசன் ரிஷிவந்தியத்துக்காரன். இரண்டு பேரும் கள்ளக்குறிச்சியில் ஒன்றாகக் கேட்டரிங் படித்து, புதுச்சேரி ஓட்டல் ஒன்றில் ஆறு வருஷம் ஒரே அடுப்பில் நின்றவர்கள். மச்சான் மச்சான் என்று அப்படி ஓர் ஒட்டுதல். அய்யனார் பெண்டாட்டி பூமாலை இளவரசனை வாய் நிறைய அண்ணா என்றுதான் கூப்பிடுவாள்.

ஒரு நாள் இளவரசன் செல்லில் ஒரு விளம்பரம் பார்த்தான். ஸ்காட்லாந்து என்று ஒரு நாடு. அங்கே ஒரு பாய்மரக் கப்பல். இரண்டு மரம், பழுப்புப் பாய். கோடை முழுக்க எட்டுப் பயணிகளை ஏற்றிக்கொண்டு கரையோரத் துறைமுகங்களுக்கும் தீவுகளுக்கும் போய்வரும். அதற்கு ஒரு சமையல்காரர் தேவை. ஒரே ஒருவர். சமைக்கிற வீடியோ அனுப்ப வேண்டும். இரண்டு பேருமே அனுப்பினார்கள். இளவரசன் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு ஓட்டல் அடுப்பில் செய்தான். அதற்குள் ஓட்டலை விட்டு மலைக்கே திரும்பியிருந்த அய்யனார், வீட்டு வாசலில் மூன்று கல்லை வைத்து, ஒரே சட்டியில் மீனும் கிழங்கும் போட்டுக் கிளறினான். பூமாலை படம் எடுத்தாள்.

இப்போது கேளுங்கள். அய்யனார் வீட்டில் சிக்னல் கிடையாது. அந்த வளைவுக்கு வந்தால்தான் இரண்டு கோடு தெரியும். அதனால் மலைமேல் ஒரு பழக்கம் உண்டு. எந்த ஃபாரத்தில் போன் நம்பர் கேட்டாலும், கீழே இருக்கிற நம்பிக்கையான ஆளின் நம்பரைத்தான் எழுதுவார்கள். கேஸ் சிலிண்டர், ஆஸ்பத்திரி, பிள்ளைகள் பள்ளிக்கூடம் எல்லாவற்றுக்கும் அப்படித்தான். அய்யனார் இளவரசன் நம்பரை எழுதினான்.

போன் வந்தது. பேசியது கப்பலின் கேப்டன், மோரக் என்று ஓர் அம்மா. "அய்யனார்தானே? உங்களைத்தான் எடுத்திருக்கிறோம்" என்றாளாம்.

இளவரசன் என்ன சொன்னான் தெரியுமா? "நான் அவன் சிநேகிதன். அவனைக் கடல் தாண்டக்கூடாது என்று அவன் மனைவி தடுத்துவிட்டாள். அவனுக்குப் பதிலாக நான் வரட்டுமா?"

ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. ஆறு வருஷச் சிநேகிதம் முடிந்தது.

அய்யனார் தினமும் ராத்திரி அந்த வளைவுக்கு வந்து போன் போடுவான். "மச்சான், எதுனா வந்துச்சா?"

"இன்னும் வர்லடா. வந்தா மொத ஆளா உனக்குத்தான் சொல்லுவேன்."

இப்படியே ஒன்றரை மாசம். அதற்குள் இவன் விசா வாங்கி, பெட்டி கட்டி, அக்காவிடம்கூட "என்னைத்தான் எடுத்தாங்க" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறிவிட்டான். அந்த ராத்திரிதான் நான் முதலில் சொன்ன ராத்திரி. அய்யனார் போன் போட்டுக்கொண்டே இருக்கிறான். இவன் போன் அணைந்து கிடக்கிறது. மேலேயிருந்து மரவள்ளிக்கிழங்கு லோடு லாரி ஒன்று இறங்கியது... வளைவில் திரும்பவில்லை. சுவரையும் அவனையும் சேர்த்து இழுத்துக்கொண்டு பள்ளத்தில் போய் விழுந்தது. காலையில் பார்த்தால் ரோடெல்லாம் கிழங்கு. அவன் கடைசியாக யாரைக் கூப்பிட்டான் என்று போலீஸ் பார்த்தார்கள். இளவரசன். பதினோரு தடவை.

ஆக, சிநேகிதன் தன்னை ஏமாற்றியது தெரியாமலே அவன் செத்தான். இந்தக் கதையில் பயப்பட வேண்டிய விஷயம் அதுதான்.

அங்கே அந்தக் கப்பல் எப்படிப்பட்டது என்றால், எல்லாருக்கும் எல்லாரும் சிநேகிதம். பயணிகளே கயிறு இழுப்பார்கள். கேப்டனம்மா தட்டுக் கழுவுவாள். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் அடுப்படியில் வந்து உருளைக்கிழங்கு சீவுவார். சாப்பாடு எல்லாருக்கும் ஒரே மேசையில். இன்றைக்கு ஒரு துறைமுகம், நாளைக்கு ஒரு தீவு. ஜூன் மாசத்தில் ராத்திரி பதினொரு மணிக்கும் வானம் வெளுத்தே கிடக்குமாம்.

"அப்ப பேய் எப்பதான் டூட்டிக்கு வரும்?" என்றார் தனசேகரன்.

வந்தது, அண்ணே. இவன் கூப்பிட்டுத்தான் வந்தது.

போன இடத்தில் தம்பி மனசு கலங்கக் கூடாதென்று மணிமொழி சாவுச் செய்தியைச் சொல்லாமல் வைத்திருந்தாள். பதினாறாம் நாள் காரியம் அன்றைக்குத்தான் சொன்னாள். மல் தீவில் டோபர்மோரி என்று ஒரு துறைமுகம். கரையோரம் வரிசையாகச் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று வீடுகள். அங்கே படகுத்துறையில் நின்றுகொண்டு போனிலேயே கதறினானாம். நிஜமான அழுகைதான். அதை நான் இல்லை என்று சொல்லவில்லை.

அன்று ராத்திரி எல்லாரும் படுத்த பிறகு அடுப்படியில் ஒரு தட்டு வைத்தான். சோறு, மீன் குழம்பு, ஒரு டம்ளர் தண்ணீர். நம் பக்கத்தில் செத்தவனைப் படையலுக்குக் கூப்பிடுவது யார்? பங்காளிகள். கெடுதல் செய்தவன் கூப்பிடலாமா? இவன் கூப்பிட்டான். மூன்று தடவை பேர் சொல்லி, "வாடா, வந்து சாப்புடு" என்று சொல்லிவிட்டு, வழக்கப்படி கதவைச் சாத்திக்கொண்டு வெளியே நின்றான்.

தண்ணீர் கப்பலில் மோதுகிற சத்தம். கயிறு மரத்தில் உரசுகிற சத்தம். அப்புறம் உள்ளே...

டக் டக்... டக். டக் டக்... டக்.

வெங்காயம் வெட்டுகிற சத்தம். இரண்டு வெட்டு, ஒரு நிறுத்தம், ஒரு வெட்டு. ஆறு வருஷம் பக்கத்தில் நின்று கேட்ட சத்தம். கதவிடுக்கில் வெந்த மரவள்ளி வாசனை. அந்தக் கப்பலில் ஏது மரவள்ளி? கதவைத் திறந்தான். ஆளில்லை. பலகைமேல் ஒரு குவியல் வெங்காயம், ஒரே அளவாக. தட்டு காலி.

மறுநாளிலிருந்து ஆரம்பித்தது. "உன்கூட நின்று பாத்திரம் தேய்த்தாரே, ரொம்ப நல்ல மனுஷன்" என்றார் வாத்தியார். கப்பல் ஆள் என்று நினைத்துக்கொண்டார். பனிமூட்டத்தில் பாய் இறக்கும்போது கயிற்றின் கடைசியில் ஒரு கறுத்த கை சேர்ந்து இழுத்ததைக் கேப்டன் பார்த்தாள். பயணி என்று நினைத்துக்கொண்டாள். அவ்வளவு சிநேகமான கப்பலில் யார் யாரை "நீ யார்" என்று கேட்பார்கள்?

இளவரசன் படுக்கிற அறையில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு படுக்கை. மேலே யாரும் இல்லை. மூன்றாம் நாள் ராத்திரி மேல் பலகை கிர்ர்ர் என்று அழுந்தியது...

"மச்சான்... தூங்கிட்டியா?"

இவன் தலையணையைக் கடித்துக்கொண்டு கிடந்தான்.

"என்னையும் இட்டாந்துட்டியேடா. நீ உட்டுட்டுப் போவ மாட்டன்னு எனக்குத் தெரியும்."

கேட்டீர்களா? அவன் பழிவாங்க வரவில்லை. நன்றி சொல்லிக்கொண்டு வந்தான். அதற்கப்புறம் தினமும் பேச்சு. பாறைமேல் படுத்திருந்த கடல்நாயைப் பார்த்தியா என்பான். பூமாலைக்கு இந்தத் தீவெல்லாம் காட்டணும்டா என்பான். ராத்திரி முழுக்க மேலேயிருந்து அந்தச் சந்தோஷக் குரல். "கோவமா வந்திருந்தா தாங்கியிருப்பேன்க்கா. சிரிச்சிக்கினு வந்தான்" என்று பிற்பாடு அக்காவிடம் சொன்னானாம்.

பயணம் முடிகிறதற்கு முந்தின நாள். பெரிய ஊர் ஒன்றுமில்லாத ஒரு குட்டித் தீவு, கப்பல் நங்கூரம் போட்டு நிற்கிறது. கடைசி விருந்து. மேசையைச் சுற்றி எல்லாரும். சாத்திய கதவுக்குப் பின்னால் அடுப்படியில் டக் டக்... டக். இளவரசன் காதுக்கு மட்டும்.

கேப்டனம்மா டம்ளரைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். "நம் சமையல்காரருக்கு நன்றி. ஒரு ரகசியம் சொல்லட்டுமா? நாங்கள் முதலில் எடுத்தது இவரை இல்லை. இவருடைய சிநேகிதரை!"

இவன் கையை ஆட்டினான். வேண்டாம் என்று தலையை ஆட்டினான். வெட்கப்படுகிறான் என்று நினைத்துக்கொண்டு அவள் இன்னும் உற்சாகமாகச் சொன்னாள். "மூன்று கல்லில் சட்டி வைத்து என்ன அழகாகச் சமைத்தார், அய்யனார்! போன் போட்டால் இவர்தான் எடுத்தார். அவர் மனைவி கடல் தாண்ட விடவில்லையாம். நல்லவேளை, நமக்கு இவர் கிடைத்தார்!"

எல்லாரும் கை தட்டிச் சிரித்தார்கள்.

டக் டக்...

மூன்றாவது வெட்டு விழவில்லை.

அந்தச் சிரிப்பில் அது நின்றது யாருக்கும் தெரியவில்லை. இவனுக்குத் தெரிந்தது. கதவு திறக்கிற சத்தம் இல்லை. ஆனால் வெறுங்கால் ஒன்று ஏணியில் ஏறியது... மேல்தளத்தில் நடந்தது... தலைக்கு நேர் மேலே வந்து நின்றது... அப்புறம் கப்பலின் ஓரம் வரை போனது. தண்ணீரில் விழுகிற சத்தம் வருமென்று இவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான்.

வரவில்லை.

அன்று ராத்திரி மேல் படுக்கை அழுந்தியது. ஒரு வார்த்தை இல்லை. "தப்புடா மச்சான், என்னைத் திட்டு, அடி" என்று இவன் விடிகிறவரை கெஞ்சினான். மேலே யாரோ விழித்துக்கொண்டு படுத்திருக்கிற மூச்சு மட்டும்.

துறைமுகம் வந்ததும் யாரிடமும் சொல்லாமல் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கி, விழுந்தடித்து ஊர் வந்து சேர்ந்தான். அக்காவிடம் ஒன்று விடாமல் சொன்னான். மணிமொழி கன்னத்தில் இரண்டு வைத்தாள். "எனக்கே பொய் சொல்லிட்டுப் போயிருக்கியே. என்னாண்ட இன்னாத்துக்கு அழுவுற? போய் அந்தப் பொண்ணாண்ட சொல்லு."

மறுநாள் பைக்கை எடுத்துக்கொண்டு தனியாக மலை ஏறினான். நல்ல வெயில், சாயந்தரம் நாலு மணி. வளைவில் சுவரைப் புதுசாகக் கட்டியிருந்தார்கள். அங்கே வண்டி கொஞ்சம் திணறியது. கியரைக் குறைத்து ஏற்றினான். அய்யனார் வீட்டு வாசலில் போய் நிறுத்தினான். பூமாலை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இவன் இன்னும் வண்டியைவிட்டு இறங்கவில்லை. வாயைத் திறக்கவில்லை.

"ஏண்ணா, நான் தடுத்தேன்னு சொன்னியாமே?"

கேப்டனம்மாவிடம் போனில் சொன்ன பொய். இங்கே அக்காவைத் தவிர யாருக்கும் தெரியாது. அவளோ வீட்டைவிட்டு நகரவில்லை.

"பூமாலை... யாரும்மா உனக்குச் சொன்னது?"

அவள் இவனைப் பார்க்கவே இல்லை. இவன் தோளைத் தாண்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் ததும்பி நின்றது. மெதுவாகச் சொன்னாள்.

"எறங்கி உள்ள வாய்யா. சோறு ஆறிப் போவுது. இவன் வெளியவே நிக்கட்டும்."

இளவரசன் அசையவில்லை. கைப்பிடியைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தான். வண்டியின் பின்பக்கம்... ஓர் ஆள் இறங்கினால் எவ்வளவு எழும்புமோ, அவ்வளவு எழும்பியது.