குட்டையாக விழுந்த பந்து

ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் வாட்டிய கோழி வாங்கி வருவது எங்கள் வீட்டில் என் வேலை. நேற்றும் வாங்கினேன். கோழிக்காரர் தட்டில் சொட்டிய கொழுப்பில் ஊறிய உருளைக்கிழங்கைக் கூடுதலாகப் போட்டு, எமெரிக்குக்குக் கொடுங்கள், கால் தேறட்டும் என்றார். மாடிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். விரலைச் சூப்பியபடி முழுவதையும் சாப்பிட்டான். ஆகவே, மேடம், அவன்மேல் எனக்கு ஏதோ பகை இருந்தது என்று தயவுசெய்து எழுதிக்கொள்ள வேண்டாம். இல்லாததை எழுதினால் பிறகு மற்றதும் கோணலாகிவிடும்.

போன முறை விசாரணை நீதிபதி என்ற முறையில் நீங்கள் கூப்பிட்டு வந்தேன். இன்று நானாக வந்திருக்கிறேன். எதிரணித் தடுப்பாட்டக்காரன் லோயிக் கிஷார், கால்பந்து ஆட்டத்தில் வேண்டுமென்றே எமெரிக் லுபாகியின் காலை உடைத்தானா என்று அப்போது கேட்டீர்கள். தாமதமாக வந்து மோதினான் என்று சொன்னேன். அது பொய் இல்லை, பாதி உண்மை. கிஷார் சிறைக்குப் போகவேண்டி வரலாம் என்கிறார்கள். அவன் வீட்டுச் சுவரில் யாரோ சிவப்புப் பெயின்டால் ‘கசாப்புக்காரன்’ என்று எழுதியிருக்கிறார்கள். அவனுடைய கிளப் அவனை நீக்கிவிட்டது. செய்யாத காரியத்துக்காக ஒரு மனிதன் அப்படி நிற்பது நியாயமில்லை என்று பட்டது. அதற்காகத்தான் வந்தேன்.

எமெரிக்கைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதுவதெல்லாம் அவன் கோல்களிலிருந்து தொடங்கும். எனக்குத் தெரிந்த எமெரிக் ஒரு நவம்பர் மழையில், எங்கள் ரயில் நிலையத்து வாசலில், பையைத் தலைமேல் பிடித்துக்கொண்டு நின்றவன். பாரீஸ் புறநகர்ப் பையன். வயது பத்தொன்பது. அங்கே ஒரு பயிற்சி மையம், வேகமாக ஓடுகிறான், எங்கே ஓடுவதென்று தெரியவில்லை என்று சொல்லி அவனை அனுப்பிவிட்டிருந்தது. எங்களுடையது இரண்டாம் பிரிவுக் கிளப், நான் அதில் நடுக்கள ஆட்டக்காரன். அவனுக்கு இடம் பார்க்கும்வரை நம் மேல் அறையில் இருக்கட்டும் என்று என் மனைவி எலொடிதான் சொன்னாள். இடம் கிடைத்த பிறகும் குளிர்காலம் முழுவதும் எங்களோடேயே இருந்தான். அவள் பீரில் வேகவைக்கும் மாட்டுக்கறியை வறுத்த உருளைக்கிழங்கோடு மூன்று தட்டுச் சாப்பிடுவான். சாப்பிட்டுக்கொண்டே என்னைச் சீண்டுவான்.

“பெரிசு, உன் கால்ல கண்ணு இருக்கு, ஒத்துக்கிறேன். ஆனா நீ ஓடினா மட்டும் துருப்பிடிச்ச சைக்கிள் போற சத்தம் கேக்குது. எண்ணெய் போடுங்கக்கா இவருக்கு.”

எலொடி கண்ணில் நீர் வரச் சிரிப்பாள். நானும் சிரிப்பேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. இதைக் காரணமாகச் சொல்லவில்லை. கேட்பீர்கள் என்று முன்கூட்டியே சொல்கிறேன்.

நான் அவனுக்குக் கற்றுக்கொடுத்தது ஒரே ஒரு விஷயம். திரும்பிப் பார்க்காதே. பந்து வருகிறதா என்று திரும்பிப் பார்க்கும் ஃபார்வர்டு ஓர் அடியை இழக்கிறான். அந்த ஓர் அடிதான் கோல். நீ ஓடு, போய்ச் சேரும்போது பந்து அங்கே இருக்கும் என்றேன். சொல்வது எளிது. பின்னால் பார்க்காமல் ஓடுவது, கண்ணைக் கட்டிக்கொண்டு மாடிப்படி இறங்குவது போல. முதல் சில வாரங்கள் அவன் கழுத்து தானாகத் திரும்பிவிடும். மற்றவர்கள் குளித்துவிட்டுக் கிளம்பிய பிறகு, மைதானத்துக்குப் பின்னால் இருந்த சேற்றுத் திடலில், நானும் அவனும் மட்டும். ஜனவரியில் ஒரு நாள் அவன் கழுத்து திரும்பவில்லை. ஓடினான். பந்து அவன் காலுக்கு முன்னால் போய் உட்கார்ந்தது. அப்படியே நின்று என்னைப் பார்த்தான். ஒருவர் தன் முழு எடையையும் நம் கையில் வைத்துவிட்டுப் பார்க்கும் பார்வை.

பிறகு ஓர் அடையாளம் வைத்துக்கொண்டோம். இடது கால் காலுறையைக் குனிந்து மேலே இழுப்பான். சரிந்த காலுறையைச் சரிசெய்கிறான் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். நிமிர்ந்ததும் ஓடுவான். நான் அவன் போகப்போகும் இடத்துக்கு அனுப்புவேன். தொலைக்காட்சியில் வர்ணனை செய்பவர்கள் மோப்ப சக்தி, இயற்கையான திறமை என்றெல்லாம் சொன்னார்கள். ஒருவரும் காலுறையைப் பார்க்கவில்லை.

நான்கு ஆட்டப் பருவங்கள் அப்படிப் போயின. கோல் போட்டதும் முதலில் என்னை நோக்கிக் கை நீட்டுவான். அப்புறம் ரசிகர்கள் பக்கம் ஓட ஆரம்பித்தான். இயல்புதான். தேசிய அணியின் ஆட்கள் வந்து குறிப்பெடுத்துக்கொண்டு போனார்கள். கோடையில் இங்கிலாந்துக் கிளப் ஒன்றுக்குப் போவது உறுதியாகிவிட்டது. மருத்துவப் பரிசோதனைக்கு நாள்கூடக் குறித்தாயிற்று. அவன் அம்மா தொலைபேசியில் அழுதார். நான் அவனுக்காக ஒரு நல்ல சூட்கேஸ் வாங்கிக் கொடுத்தேன். போகிறான் என்பதற்காக நான் எதுவும் செய்யவில்லை, மேடம். ஃபார்வர்டு என்றால் ஒருநாள் போகத்தான் செய்வான்.

போன ஜனவரியில் பாஸ்தியன் ரூ என்று ஒரு நடுக்கள ஆட்டக்காரனை வேறு கிளப்பிலிருந்து கடனாக எடுத்தார்கள். நல்ல பையன், நல்ல நுரையீரல். பயிற்சியாளர் என்னை பெஞ்சில் உட்கார வைத்தார். எனக்கு முப்பத்தைந்து. அதுவும் இயல்புதான். பிப்ரவரியில் வெளியூர் ஆட்டம் ஒன்றை முழங்காலில் கம்பளியைப் போட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். எமெரிக் குனிந்தான். காலுறையை இழுத்தான். நிமிர்ந்து ஓடினான். ரூ பந்தை அனுப்பினான். மிக நல்ல கோல். எல்லோரோடும் எழுந்து நின்று நானும் கைதட்டினேன்.

திரும்பி வரும் பேருந்தில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, அதை ரூவுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டாயா என்று கேட்டேன். சாண்ட்விச்சின் மேல்தாளை உரித்துக்கொண்டே சொன்னான்.

“எதை, காலுறையா? அட பெரிசு, அது என்ன ராணுவ ரகசியமா? நீ உள்ள இல்ல, அவன் இருக்கான். பந்துக்கு யாரு கொடுத்தாங்கன்னு தெரியுமா என்ன?”

முன்னிருக்கையில் இருந்த கோல்கீப்பர் திரும்பி, “பெரிசுக்குப் பொறாமைடா. பொண்டாட்டிய யாரோ நடனத்துக்குக் கூட்டிட்டுப் போன மாதிரி மூஞ்சிய வச்சிருக்கார் பாரு” என்றான். பேருந்தே சிரித்தது. எமெரிக் பாதி சாண்ட்விச்சை எனக்கு நீட்டினான். வாங்கிச் சாப்பிட்டேன்.

எனக்குக் கோபம் வரவில்லை. வீட்டுக்குப் போய் மேல் அறையைத் திறந்து, கட்டில் விரிப்பை மாற்றினேன். அவன் தனி வீட்டுக்குப் போய் வெகுகாலம் ஆகியிருந்தது. அதுவரை அந்த விரிப்பை மாற்ற எலொடியை நான் விட்டதில்லை. அதைத் துவைக்கப் போட்டபோது மனம் அமைதியாக இருந்தது என்று ஞாபகம்.

உங்களுக்கு ஆட்டம் பழக்கமில்லை என்று போன முறை சொன்னீர்கள். ஆகவே இதை விளக்க வேண்டும். பாஸ் கொடுக்கக் கற்றுக்கொள்ளும் எந்தச் சிறுவனுக்கும் முதலில் சொல்லித்தரும் எச்சரிக்கை ஒன்று உண்டு. ஆஸ்பத்திரிப் பந்து கொடுக்காதே. பந்து ஓடுகிறவனின் காலுக்கு முன்னால் போகவேண்டும். கொஞ்சம் குட்டையாகப் போனால், அவனும் எதிராளியும் ஒரே நேரத்தில் அதற்கு வந்து சேர்வார்கள். எதிராளி நேராகப் பார்த்துக்கொண்டு முழு வேகத்தில் வருகிறவன். நம் ஆள் சட்டென்று நின்று, திரும்பி, காலை நீட்டுகிறவன். ஊன்றிய காலில் உடம்பு முழுவதும் நிற்கும். அதில் யாரும் குற்றவாளி இல்லை. அதனால்தான் அது அவ்வளவு மோசமான பாஸ்.

ஏப்ரலில் அந்த ஆட்டம். காலையிலிருந்து தூறல். ரூவுக்குத் தொடையில் பிடிப்பு ஏற்பட, இரண்டாம் பாதியில் என்னை இறக்கினார்கள். நான் உள்ளே வந்ததும் எமெரிக் என் கழுத்தில் கையைப் போட்டு, “வா பெரிசு, உன்ன விட்டா எனக்கு யாரு இருக்கா” என்றான். சும்மா சொன்னதுதான். பிறகு ஒரு கட்டத்தில் எனக்குப் பந்து வந்தது. அவன் குனிந்து காலுறையை இழுத்தான். ஓடினான். நான் அனுப்பினேன். கிஷார் வந்தான்.

எலும்பு முறிந்த சத்தத்தைப் பற்றிப் போன முறையே சொல்லியிருக்கிறேன்.

ஆம்புலன்சில் நான்தான் கூடப் போனேன். அவன் என் கையை விடவில்லை. லீல் நகர ஆஸ்பத்திரியில் மூன்று முறை அறுவை செய்தார்கள். நடப்பான் என்றார்கள். அதற்குமேல் எதையும் சொல்லவில்லை. இங்கிலாந்துக்காரர்கள் பூச்செண்டு அனுப்பினார்கள். கொஞ்ச நாளில் அவன் தொலைபேசி அடிப்பதே குறைந்துவிட்டது.

அன்று மாலை உடைமாற்றும் அறைக்குப் போகும் வழியில் கிஷார் என் சட்டையைப் பிடித்துக்கொண்டான். பெரிய உருவம் அவன்.

“காச்மரெக், நீ எதிர்லதான நின்ன? நான் பந்தைத்தான் பாத்தேன். பந்து அங்கதான் இருந்துச்சு. நீயே சொல்லு, உனக்குத் தெரியுமில்ல?”

தரை ஈரமாக இருந்தது என்று மட்டும் சொன்னேன். அவன் அதை ஆறுதலாக எடுத்துக்கொண்டு நன்றி சொன்னான்.

எமெரிக்கை எங்கள் வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டேன். கீழே ஓர் அறை இருக்கிறது. உடற்பயிற்சி சொல்லித்தர வரும் பெண் அதுதான் வசதி என்றாள். அங்கே குளிர் அடிக்கும் என்று சொல்லிவிட்டேன். மாடிக்கு நானே தூக்கிக்கொண்டு போகிறேன், நானே இறக்குகிறேன். கனமான பையன்தான், ஆனாலும் இப்போது மெலிந்துவிட்டான். சாயங்காலங்களில் பழைய ஆட்டங்களைப் போட்டுப் பார்ப்போம். நான் கொடுத்த பாஸ்களைக் கவனித்து, அடடா என்பான். இவ்வளவு நாள் அவற்றைப் பார்த்ததே இல்லையாம். ஓடிக்கொண்டிருந்தேன் இல்லையா, எப்படிப் பார்ப்பது என்றான். அது நியாயமான பதில். உண்மையைச் சொன்னால், நாங்கள் மூவரும் இவ்வளவு நன்றாக இருந்து வெகுகாலம் ஆகிறது.

இத்தோடு விட்டிருக்கலாம். போன வியாழக்கிழமைதான் காரணம்.

நீங்கள் திரையில் அந்தக் காட்சியை மெதுவாக ஓட்டினீர்கள். நிபுணராக வந்திருந்த ஓய்வுபெற்ற நடுவர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, என்னைப் பார்க்காமலே சொன்னார்:

“இதுல ஒண்ணும் மர்மம் இல்ல மேடம். களைச்சுப்போன காலு, தப்பான பாஸ். முப்பத்தஞ்சு வயசுல பாதிப்பேருக்கு இப்படித்தான் ஆகும், பாவம்.”

நீங்கள் தலையசைத்தீர்கள். உங்கள் எழுத்தர் அதைத் தட்டச்சு செய்தார்.

வீட்டுக்கு வந்து எமெரிக்கிடம் சொன்னேன். அவன் வருத்தப்படுவான் என்று எதிர்பார்த்தேன். தலையணையில் சாய்ந்தபடி என் முழங்கையைத் தட்டினான்.

“எனக்கு அன்னைக்கே தெரியும் பெரிசு. பந்து குட்டையா வந்துச்சு. உன்ன சங்கடப்படுத்த வேணாம்னுதான் சொல்லல. வயசாச்சு உனக்கு, அசதி. யாருக்கும் நடக்குறதுதான். நான் உன்ன மன்னிச்சு ரொம்ப நாளாச்சு.”

இத்தனை மாதமாக அவன் அப்படித்தான் நினைத்துக்கொண்டு என் கையால் சாப்பிட்டிருக்கிறான். அதற்குப் பிறகு என்னால் தூங்க முடியவில்லை.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். பந்து என்னிடம் வந்தபோது எனக்குக் களைப்பு இல்லை. உள்ளே வந்து கொஞ்ச நேரமே ஆகியிருந்தது. நான் நிமிர்ந்து பார்த்தேன். எமெரிக்கின் முதுகைப் பார்த்தேன். உள்பக்கத்திலிருந்து கிஷார் கிளம்புவதைப் பார்த்தேன். ஈரத்தரையில் சறுக்கி விழுந்து பந்தை எடுப்பது அவன் வழக்கம், எங்கள் பிரிவில் எல்லோருக்கும் தெரியும். வலது பக்கம் எதிராளி யாரும் மறிக்காத எங்கள் ஆள் ஒருவன் கை தூக்கிக்கொண்டு நின்றான். அவனுக்குக் கொடுத்திருக்கலாம். நான் பாதத்தின் உள்பக்கத்தால், பந்தின் அடியில் லேசாக வெட்டி அடித்தேன், ஈரப்புல்லில் பட்டதும் வேகம் சாகும்படி. எமெரிக் திரும்பிப் பார்க்கமாட்டான் என்று எனக்குத் தெரியும். நான்தானே கற்றுக்கொடுத்தேன். இருவருக்கும் நடுவே, இருவருக்கும் ஒரே தூரத்தில், அது போய் நின்றது. அவன் இடது காலை ஊன்றினான்.

கிஷாரை என்ன செய்வதென்று நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். என்னை என்ன செய்தாலும் கையெழுத்துப் போடுகிறேன். எமெரிக்கிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். அவன் இன்று மாடியில்தான் இருப்பான், தானாக இறங்க முடியாது. எனக்கு வேண்டியது ஒன்றுதான். அந்த நடுவர் சொன்னதை, தப்பான பாஸ் என்று இருக்கும் அந்த வரியை, அடித்துவிடச் சொல்லுங்கள். நான் ஆடத் தொடங்கிய நாளிலிருந்து அதைவிடச் சரியான பாஸ் ஒன்றை நான் கொடுத்ததில்லை.