இடது பின்சக்கரம்

வேர்க்கடலையைத் தோலோடு இங்கே உடைக்காதீர்கள். கார் ரேஸ் நடக்கும் இடத்தில் அது ஆகாது, அபசகுனம். அப்படியே நெருப்பில் போட்டுவிட்டுக் கிட்டே வாருங்கள்... சொல்கிறேன்.

அன்றும் சனிக்கிழமை. சாயங்காலம். பந்தயம் தொடங்க நேரமிருந்தது. என் அண்ணன் வெர்லினும் அவன் மகன் கோல்பியும் காரில் சாய்ந்தபடி தக்காளி சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தார்கள்.

"அப்பா, மீசையெல்லாம் மயோனைஸ். டி.வி.ல வரப்போறீங்க, தொடைங்க."

"நம்மூர் ரேஸை எவன்டா டி.வி.ல காட்டுவான்? வாயை மூடிட்டுத் தின்னு."

"வாயை மூடிட்டு எப்படிப்பா திங்கறது?"

சிரித்தோம். மூன்று பேரும் சேர்ந்து சிரித்தது அதுதான் கடைசி.

வெர்லின் க்ரூ சீஃப். ஓட்டுகிறவன் ஸ்டியரிங்கைத்தான் பிடிப்பான். எப்போது தடத்தை விட்டு உள்ளே வருவது, எந்த டயரை மாற்றுவது என்பதெல்லாம் க்ரூ சீஃப் வைத்த சட்டம். எங்கள் அப்பாவின் புகையிலைக் கொட்டகையில் பழைய வண்டிகளைப் பிரித்துப் போட்டு ஆரம்பித்தவன் அவன். முதலில் மண் தடம், பிறகு தார்த் தடம். யார் யாருக்கோ ஜெயித்துக் கொடுத்தான். சார்லட் நகரத்திலிருந்து ஒரு பெரிய குழு கூப்பிட்டபோது போகவில்லை. "என் பையனுக்கு ஓட்டுற வயசு வரட்டும்" என்றான். வந்தது. ரேடியோவில் மகனிடம் அவன் கேட்பது எப்போதும் ஒரே கேள்விதான். "வண்டி என்னடா சொல்லுது?"

நான் டயர்க்காரன். கழற்றிய டயரில் உள்ளங்கையை வைத்துச் சூடு பார்த்துச் சொல்வது என் வேலை.

கடைசிச் சுற்றுகளில் வேகத்தைக் குறைக்கச் சொல்லும் மஞ்சள் கொடி விழுந்தது. வண்டிகள் எல்லாம் டயர் மாற்ற உள்ளே வரத் திரும்பின.

"பின்னாடி வழுக்குதுப்பா. நாலும் மாத்துங்க."

"ரெண்டு போதும்டா. வலது பக்கம் மட்டும். சீக்கிரம் வெளிய போய் முன்னாடி நின்னுடலாம்."

எங்கள் குழுவில் ரேடியோவில் சீஃபை யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. கோல்பியும் பேசவில்லை.

"சரிப்பா."

முதல் ஆளாகத்தான் போனான். இரண்டாம் வளைவில் இடது பின்சக்கரம் வெடித்தது. சுவர்... அதன் பிறகு ரேடியோவில் வெர்லின் குரல் மட்டும்தான்.

"கோல்பி... வண்டி என்னடா சொல்லுது? டேய்... வண்டி என்னடா சொல்லுது?"

நசுங்கிய காரைக் கொட்டகையில் நிறுத்தித் தார்ப்பாய் போட்டு மூடினோம். வெர்லின் அப்புறம் எந்தப் பந்தயத்துக்கும் போகவில்லை.

இலை உதிரத் தொடங்கியிருந்த சமயம். சனிக்கிழமை இரவு, பத்தரை இருக்கும். மலையிலிருந்து சரளைச் சாலையில் இறங்கி வருகிறேன். ஒரு வீட்டிலும் விளக்கில்லை. கொட்டகை கிட்டத்தில்... வாடை. கருகிய ரப்பர். கூடவே பந்தயப் பெட்ரோலின் தித்திப்பு வாடை. உள்ளே நட்டு முடுக்கும் ஏர் கன் உறுமியது. ஐந்து முறை. சக்கரத்துக்கு ஐந்து நட்டு.

கதவைத் தள்ளினேன். வெர்லின் காதில் ஹெட்செட்டோடு காரின் இடது பக்கம் மண்டியிட்டிருந்தான்.

"அண்ணே... யாருக்கு டயர் மாத்தறே?"

"அவன் நாலும் கேட்டான்டா, கார்வின். குடுத்துட்டேன். வாராவாரம் குடுக்கறேன்."

கழற்றிய டயர் தரையில் கிடந்தது. போன வாரம் என்னிடமிருந்து வாங்கிப்போன புது டயர். அந்தக் காரில் என்ஜின்கூட இல்லை. ஓரடி நகராது. டயரோ உள்நூல் தெரியத் தேய்ந்து... வெடித்திருந்தது. பழக்கத்தில் உள்ளங்கையை வைத்துவிட்டேன். வெடுக்கென்று எடுத்தேன். தடத்திலிருந்து அப்போதுதான் வந்த சூடு.

"இந்த வாரமாவது முழுசா ஓடி முடிச்சிடுவான்டா," என்றான் வெர்லின்.

அடுத்த வாரமும் டயர் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதற்கடுத்த வாரமும்.

முதல் பனி விழுந்த இரவில் அவனும் போய்விட்டான். காருக்குப் பக்கத்திலேயே கிடந்தான். இடது பின்சக்கரத்தில் நான்கு நட்டு முடுக்கியிருந்தது. ஐந்தாவது அவன் கையில். விரல்களைப் பிரித்து எடுத்து நான்தான் முடுக்கினேன்.

அடக்கம் முடிந்து வந்த சனிக்கிழமை தனியாகக் கொட்டகைக்குப் போனேன். ஹெட்செட் ஆணியில் தொங்கியது. எடுத்து மாட்டினேன். வெறும் இரைச்சல்... இரைச்சல்... பிறகு என் அண்ணன்.

"வண்டி என்னடா சொல்லுது?"

"பின்னாடி வழுக்குதுப்பா. நாலும் மாத்துங்க."

வாய்விட்டே கெஞ்சினேன். "சொல்லுண்ணே... இப்பவாவது நாலுன்னு சொல்லு."

"ரெண்டு போதும்டா. வலது பக்கம் மட்டும்."

"சரிப்பா."

அப்புறம் இரைச்சல்தான்.

இன்றும் சனிக்கிழமை. இங்கே வரும் வழியில் கொட்டகைக்குள் போய்த் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். வலது பக்கம் இரண்டும் சில்லென்றிருந்தன. இடது முன்சக்கரமும் சில்லென்றுதான் இருந்தது.

பின்சக்கரம்... சூடு.